தேய்ந்த துப்பாக்கியா, கெட்ட துப்பாக்கியா? பழைய டபுள் பேரலைப் பார்க்கும் முறை

போன மாதம் திருவொற்றியூரிலிருந்து ஒரு பையன் வந்தான். என்னோடு பெரம்பூர் ரயில்வே லோகோ ஒர்க்‌ஷாப்பில் வேலை பார்த்தவரின் மகன். காபி ஆறுகிறவரைக்கும் பேசாமல் உட்கார்ந்திருந்துவிட்டு, "பெரிப்பா, எங்கப்பா துப்பாக்கி பீரோ மேலயே கெடக்கு. கருப்பா, துருப்புடிச்ச மாதிரி இருக்கு. பேசாம இரும்பு வெலைக்குப் போட்டுடலாமா?" என்றான். எனக்குப் புரையேறிவிட்டது.

அவன் அப்பா காலமாகி ஆறு மாதம் ஆகிறது. லைசென்ஸ் அவர் பெயரில் இருந்தது. அவர் போன பிறகு அந்தத் துப்பாக்கி அந்த வீட்டில் இருப்பதே தப்பு. 1959-ஆம் வருஷத்து ஆயுதச் சட்டம் சொல்வது இதுதான்: வைத்திருக்கும் உரிமை போய்விட்டால் பக்கத்துக் காவல் நிலையத்திலோ, லைசென்ஸ் உள்ள ஆயுதக் கடையிலோ கொண்டுபோய் ஒப்படைத்து ரசீது வாங்கிக்கொள்ள வேண்டும். பிறகு வாரிசு தன் பெயருக்கு லைசென்ஸ் கேட்டு மனுப் போடலாம். சென்னைக்குள் போலீஸ் கமிஷனரிடம், வெளி மாவட்டம் என்றால் கலெக்டரிடம். உங்கள் வீட்டிலும் வயதானவர் பெயரில் துப்பாக்கி இருந்தால் இதைக் குறித்துக்கொள்ளுங்கள். அவருக்கு 70 வயது ஆகியிருந்தாலோ, அந்தத் துப்பாக்கியை 25 வருஷம் வைத்திருந்தாலோ, அவர் இருக்கும்போதே வாரிசு பெயருக்கு மாற்ற 2016 விதிகளில் வழி இருக்கிறது. ஒருவர் பெயரில் இரண்டு துப்பாக்கிக்கு மேல் கூடாது என்பது 2019 திருத்தம். முன்பு மூன்று இருந்தது.

சரி, கடையில் ஒப்படைத்தான். ரசீது வாங்கிய கையோடு, "நீங்க ஒரு தடவ பார்த்துச் சொல்லுங்க, இது வெச்சுக்கற பொருள்தானா?" என்றான். கடைக்காரர் முன்னாலேயே கண்ணாடி மேசை மேல் வைத்துப் பார்த்தோம். அன்று பார்த்த முறையைத்தான் இங்கே எழுதுகிறேன். நான் துப்பாக்கி ரிப்பேர்காரன் இல்லை. ஃபிட்டர். என்னிடம் அப்பாவின் (நைனா என்றுதான் கூப்பிடுவோம்) டபுள் பேரல், அதாவது இரட்டைக் குழல் துப்பாக்கி ஒன்று இருக்கிறது, அதைப் பார்த்துப் பார்த்துக் கற்றதுதான் எல்லாம்.

அந்தத் துப்பாக்கி எங்கள் வீட்டுக்கு வந்த கதையைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன், பின்னால் வேண்டியிருக்கும். எதிர்வீட்டில் ஒரு மெயில் டிரைவர் இருந்தார், ஆங்கிலோ-இந்தியர். நைனா அவர் இன்ஜினில் கரி போடும் ஃபயர்மேன். அறுபதுகளில் அந்தக் குடும்பம் ஆஸ்திரேலியாவுக்குப் புறப்பட்டபோது, மேசை நாற்காலி எல்லாம் விற்றார்கள், துப்பாக்கியை மட்டும் அவர் நைனாவுக்கு லைசென்ஸ் வாங்கவைத்து அவர் பெயருக்கு மாற்றிக்கொடுத்தார். பர்மிங்காமில் செய்த வெப்ளி அண்ட் ஸ்காட், 12 போர் (குழலின் உள்ளளவைச் சொல்லும் பெயர்), 28 இஞ்சுக் குழல், இரண்டு விசை (டிரிக்கர்). டிரைவரின் அப்பா மவுண்ட் ரோட்டுக் கடையில் வாங்கியது. அந்தக் காலத்தில் செய்வது பர்மிங்காம், விற்பது மதராஸ் என்பது சாதாரணம். இரண்டு குழலையும் இணைத்து நடுவில் ஓடும் பட்டையை விலா என்போம், அதில் பலசமயம் விற்ற கடையின் பெயர்தான் வெட்டியிருக்கும்.

முதல் வேலை, காலியா என்று பார்ப்பது. யார் சொன்னாலும் நம்பக் கூடாது. "காலியாத்தான் இருக்கு" என்று சொன்னவர் கையால் நடந்த விபத்துகள் நிறைய. குழல் வாய் ஆளில்லாத பக்கம் இருக்க, மேலே இருக்கும் லீவரை வலப்பக்கம் தள்ளினால் குழல் மடங்கித் திறக்கும். தோட்டா உட்காரும் இரண்டு அறையையும் வெளிச்சத்தில் பாருங்கள், வெளிச்சம் போதவில்லையா, சுண்டு விரலை விட்டுப் பாருங்கள். டபுள் பேரலை நான் விரும்புவதற்கு முதல் காரணமே இதுதான். திறந்து முழங்கையில் தொங்கவிட்டால் எதிரே வருகிறவனுக்கும் தெரியும், இது இப்போது வெறும் இரும்பு என்று. வயல் வரப்பில் நைனா எப்போதும் அப்படித்தான் நடப்பார். மடங்காத துப்பாக்கி எதிலும் இந்த மரியாதை கிடையாது.

காலி என்று தெரிந்ததும் உடனே மூடி விசையைத் தட்டிப் பார்க்கத்தான் எல்லோருக்கும் கை வரும். தட்டாதீர்கள். தோட்டாவின் அடியில் மருந்தைப் பற்றவைக்கும் 'கேப்' மேல் அடிக்கும் ஊசி வெறுங்காற்றில் அடித்தால் முறிய வாய்ப்புண்டு, பழைய துப்பாக்கிக்கு அந்த ஊசி கிடைப்பது குதிரைக் கொம்பு. ஸ்நாப் கேப் என்று பொய்த் தோட்டா இருக்கிறது. அதைப் போட்டுத்தான் தட்ட வேண்டும்.

அடுத்து எதையும் கழற்றாமல், முழுத் துப்பாக்கியையும் ஒரு ஐந்து நிமிஷம் சும்மா பாருங்கள். அவசரப்படாதீர்கள். எங்கே தேய்ந்திருக்கிறது என்பதுதான் கேள்வி.

ஸ்டீம் இன்ஜினில் ரெகுலேட்டர் கைப்பிடி என்று ஒன்று உண்டு. இன்ஜின் முழுக்கக் கரியாக இருந்தாலும் அந்தக் கைப்பிடி மட்டும் வெள்ளியாய் மின்னும். எத்தனையோ டிரைவர் கை பட்டுப் பட்டு வந்த பளபளப்பு. நல்ல பழைய துப்பாக்கியும் அப்படித்தான் தேயும், கை படுகிற இடத்தில் மட்டும். நடக்கும்போது இடது கை தாங்கும் அடிப்பகுதியில் இரும்புக்கு ஏற்றிய கருநீலம் போய் வெள்ளை தெரியும். விசைக் காப்பின் விளிம்பு மழமழத்திருக்கும். பிடிக்கட்டையில் வெட்டியிருக்கும் சின்னச் சின்னக் கட்டக்கோடுகள் உள்ளங்கை படும் பக்கம் மழுங்கி, மறுபக்கம் கூராக இருக்கும். பூட்டின் மேல், அதாவது குழலை மூடிப் பிடிக்கும் இரும்புப் பகுதியின் மேல், புதிதில் நீலமும் பழுப்புமாக மேகம் மாதிரி ஒரு நிறம் ஏற்றியிருப்பார்கள். அது எல்லா இடத்திலும் போய், லீவர் அடியிலும் விசைக்காப்பு மூலையிலும் மட்டும் ஒளிந்திருக்கும். இவ்வளவும் ஒன்றுக்கொன்று பொருந்தி வந்தால், நிறைய நாள் பிடித்து நடந்த துப்பாக்கி, யாரும் விளையாடவில்லை என்று அர்த்தம். தேய்மானம் வேறு, சேதம் வேறு. தேய்ந்ததற்கு நான் பயப்படுவதே இல்லை.

பயப்பட வேண்டியது பளபளப்புக்கு. அன்று கடையில் பையனுடைய கருப்புத் துப்பாக்கிக்குப் பக்கத்தில் இன்னொரு டபுள் பேரல் கண்ணாடி மாதிரி நின்றது. பையன் கண் அதிலேயே. "இது சூப்பரா இருக்கு பெரிப்பா!" கடைக்காரரிடம் கேட்டு அதையும் எடுத்துப் பார்த்தோம். செதுக்கிய பூவேலையின் ஓரமெல்லாம் கரைந்துபோன சோப்பு மாதிரி மழுங்கியிருந்தது. எழுத்தும் அப்படியே. பஃபிங் வீலில் கொடுத்துத் தேய்த்துப் புதிதாகக் கருநீலம் ஏற்றியிருக்கிறார்கள். தேய்த்த இடத்தில் இரும்பு போயிருக்கிறது, அது திரும்பி வராது. குழலுக்கு அடியிலிருக்கும் முன்கட்டையைக் கழற்றிப் பார்த்தால் இன்னொரு விஷயம். கட்டை மறைத்திருந்த பகுதியில் மட்டும், கருப்புக்கு அடியில், சுருள் சுருளாக ஒரு கோலம் மங்கலாகத் தெரிந்தது. டமாஸ்கஸ் குழல். இரும்பு, உருக்குக் கம்பிகளை முறுக்கி, ஒரு தண்டின் மேல் சுற்றி, காய்ச்சி அடித்து ஒட்டவைத்துச் செய்வார்கள். அந்தக் கோலம் தெரியட்டும் என்றுதான் செய்தவன் பழுப்பேற்றியிருப்பான். பின்னால் வந்த ஒருவர் அதைக் கருப்படித்து மூடிவிட்டார். பெரும்பாலும் கரிமருந்துக் காலத்துக் குழல்கள் அவை. இன்றைய புகையில்லா மருந்துக்குச் சோதனை முத்திரை இல்லாவிட்டால் அதில் தோட்டா போடவே கூடாது.

பையனுடைய துப்பாக்கியின் கருப்பு வேறு கதை. நகத்தால் சுரண்டினேன், பிசுக்கு உருண்டு வந்தது. மோந்து பார்த்தால் சிக்கு வாடை. அவன் அப்பா வருஷக்கணக்காக நல்லெண்ணெய் போட்டிருக்கிறார். கெட்ட எண்ணம் இல்லை, வீட்டில் எது இருந்ததோ அது. நானே இளவயதில் அந்தத் தப்பைச் செய்து நைனாவிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன். சமையல் எண்ணெய் எதுவானாலும் நாள்பட்டால் கோந்தாகிவிடும். ஊசியும் ஸ்பிரிங்கும் அதில் ஒட்டிக்கொள்ளும். மண்ணெண்ணெய் தொட்ட துணியால் ஒரு ஓரத்தைத் துடைத்தோம். அடியில் வெள்ளிப் பளபளப்பு. நான் சொன்ன இடத்திலேயே, இடது கை தாங்கும் இடத்தில்.

இதற்குப் பிறகுதான் நுணுக்கம். ஸ்குரூ தலைகளைப் பாருங்கள். நல்ல இங்கிலீஷ் துப்பாக்கியில் ஸ்குரூவின் வெட்டு மயிரிழையாக இருக்கும், பெரும்பாலும் எல்லா வெட்டும் குழல் ஓடும் திசையிலேயே நிற்கும். சைக்கிள் கடை ஸ்குரூ டிரைவரைப் போட்டு யாராவது திருகியிருந்தால் வெட்டு பிய்ந்து, ஓரம் மொக்கையாகியிருக்கும். ஒரு ஸ்குரூ பிய்ந்திருந்தால் மன்னிக்கலாம். எல்லாமே பிய்ந்திருந்தால், உள்ளே என்ன செய்திருக்கிறார்கள் என்று யாருக்குத் தெரியும்?

பிறகு ஆட்டம். முன்கட்டையைக் கழற்றிவிட்டு, துப்பாக்கியை மூடி, குழலைக் கீலுக்குப் பக்கத்தில் பிடித்து இடவலமாக ஆட்டுங்கள். நைனா இதைக் காதருகே வைத்துத்தான் செய்வார். கண்ணுக்குத் தெரியாத ஆட்டம் காதுக்குக் கேட்கும், 'டிக்' என்று. முன்கட்டையோடு ஆட்டினால் அதன் ஸ்பிரிங் அழுத்தித் தளர்ச்சியை மறைத்துவிடும், அதனால்தான் கழற்றச் சொல்கிறேன். அப்புறம் வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து, குழலின் பின்வாய்க்கும் அது வந்து உட்காரும் இரும்பு முகத்துக்கும் நடுவே வெள்ளைக்கோடு தெரிகிறதா பாருங்கள். ஒரு சிகரெட் தாள் துண்டை நடுவில் வைத்து மூடுங்கள். இழுத்தால் கிழிய வேண்டும், வழுக்கி வரக் கூடாது. மேல் லீவர் மூடியபின் எங்கே நிற்கிறது என்பதும் ஒரு சேதி. புதிதில் நடுக்கோட்டுக்குச் சற்று வலப்பக்கம் நிற்கும். தேயத் தேய நடுவுக்கு வரும். நடுவைத் தாண்டி இடப்பக்கம் போயிருந்தால் பூட்டு நிறையவே தேய்ந்திருக்கிறது.

ஆட்டம் இருந்தால் சரிசெய்யலாம். முறையாகச் செய்பவர் கீல் முள்ளைக் கொஞ்சம் பருமனாகச் செய்து மாற்றுவார், அல்லது குழலின் அடியில் கீலைப் பிடிக்கும் கொக்கியில் சின்னத் தகடு ஒட்டிப் பொருத்துவார். முறையில்லாதவர் என்ன செய்வார் தெரியுமா? கொக்கியின் பக்கவாட்டில் சென்டர் பஞ்ச் வைத்து நாலு அடி அடிப்பார். இரும்பு பிதுங்கி ஆட்டம் நின்றது மாதிரி தெரியும், கொஞ்ச நாளில் பழையபடி ஆடும். அந்தக் கண்ணாடித் துப்பாக்கியில் எண்ணிப் பார்த்தேன், ஏழு பஞ்ச் குழி. ஃபிட்டர் வேலை பார்த்தவனுக்கு அதைப் பார்த்தால் வயிறு எரியும். பையனுடையதில் ஒன்றும் இல்லை. லீவர் நட்டநடுவில், சிகரெட் தாள் கிழிந்தது.

குழலுக்கு வருவோம். எனக்குப் பிடித்த இடம் இது.

மண்பானை வாங்கும்போது விரலால் தட்டிப் பார்ப்போமே, அதே சங்கதி. குழலைத் தனியாகக் கழற்றி, அடிக்கொக்கியில் ஒரு நூலைக் கட்டித் தொங்கவிட்டு, பென்சிலால் மெல்லத் தட்டுங்கள். இரண்டு குழலும் நடு விலாவும் ஈயப்பற்றில் ஒட்டியவை. பற்று நன்றாக இருந்தால் 'ணங்' என்று மணி மாதிரி அடித்து ஓசை நின்று அடங்கும். விலா எங்காவது விட்டிருந்தால் 'டப்' என்று செத்த சத்தம். அந்தக் காலத்தில் ஸ்டேஷனில் வண்டி நின்றால் ஓர் ஆள் நீளக் காம்புச் சுத்தியலால் சக்கரம் சக்கரமாகத் தட்டிக்கொண்டு போவார், விரிசலைக் காதாலேயே கண்டுபிடிப்பார். துப்பாக்கியைத் தட்டுகிறபோதெல்லாம் எனக்கு அவர் ஞாபகம்தான்.

பிறகு குழலுக்குள் பார்வை. பல்புக்கு எதிரே வேண்டாம், கண் கூசும். ஜன்னல் சட்டம் பக்கம் நீட்டிப் பாருங்கள். உள்ளே வெளிச்சம் வளையம் வளையமாக விழும். ஒவ்வொரு வளையமும் முழு வட்டமாக இருக்க வேண்டும். ஒரு பக்கம் பிறைமாதிரி நெளிந்தால் வெளியிலிருந்து அடிபட்ட பள்ளம். சுற்றிலும் கருவளையம் தெரிந்தால் குழல் உள்ளிருந்து புடைத்திருக்கிறது. மண்ணோ துணியோ அடைத்திருக்கும்போது சுட்டிருப்பார்கள். பள்ளத்தைக் கைதேர்ந்தவர் எழுப்பிவிடுவார். புடைப்பு அப்படியில்லை, அங்கே இரும்பு இழுபட்டு மெலிந்துவிட்டது.

கருப்புப் புள்ளிகள் இருக்கும், அம்மைத் தழும்பு மாதிரி. பழைய கேப் மருந்து எரிந்தபின் உப்பு ஒன்றை விட்டுவைக்கும். அந்த உப்பு காற்றிலிருந்து ஈரத்தை இழுத்து இரும்பைத் தின்னும். எண்ணெய் போட்டால் போகாது, உப்பு எண்ணெயில் கரையுமா? தண்ணீரில்தான் கரையும். அதனால்தான் வேட்டை முடிந்து வந்ததும் நைனா கெட்டிலில் வெந்நீர் வைத்துக் குழலில் ஊற்றுவார். துப்பாக்கிக்கு வெந்நீர்க் குளியல் என்று அம்மா கேலி செய்வாள். அந்தக் குளியலால்தான் எங்கள் குழல் இன்றைக்கும் கண்ணாடி. ராயபுரம், காசிமேடு, திருவொற்றியூர் என்று கடற்காற்று வீசும் ஊரில் இந்தப் புள்ளி இல்லாத பழைய குழலைப் பார்த்தால் அதைப் பராமரித்தவருக்கு ஒரு கும்பிடு போடலாம். மேலோட்டமான புள்ளி பரவாயில்லை. ஆழமான புள்ளியும் மெலிந்த சுவரும் சேர்ந்தால்தான் ஆபத்து. சுவர் கனத்தை அளக்கத் தனி கேஜ் உண்டு, கண்ணால் சொல்ல முடியாது. மிக மெல்லிய இடத்திலும் 20 தௌ இருக்க வேண்டும் என்பது தொழில் தெரிந்தவர்கள் வைத்திருக்கும் கணக்கு. ஆயிரத்தில் ஒரு இஞ்சை ஒர்க்‌ஷாப்பில் தௌ என்போம்.

குழலின் அடியில், பூட்டில் படியும் தட்டையான இடத்தில், பொடிப்பொடியாக முத்திரைகள் இருக்கும். பூதக்கண்ணாடி வைத்துப் படியுங்கள். லண்டனில் 1637-லிருந்து ஒரு கம்பெனியும், பர்மிங்காமில் 1813-லிருந்து ஒரு சோதனைச் சாலையும் குழல்களை வழக்கத்தைவிட அதிக மருந்து வைத்துச் சுட்டுப் பார்த்து, தாங்கினால் முத்திரை குத்தி வந்தன. பர்மிங்காம் துப்பாக்கியில் கிரீடத்துக்குக் கீழே 'பிவி', 'பிபி', 'என்பி' என்று எழுத்துகள் தெரிந்தால் 1904-க்குப் பிந்தையது. இதில் 'என்பி'தான் புகையில்லா மருந்துக்கான முத்திரை. முட்டை வடிவத்துக்குள் 'இஎல்ஜி' என்றிருந்தால் பெல்ஜியத்தின் லியேஜ் நகரம். நம் ஊரில் நிறைய வந்திருக்கிறது, நல்லதும் உண்டு, சுமாரும் உண்டு. நம் நாட்டு இஷாப்பூர் தொழிற்சாலைத் துப்பாக்கி என்றால் இந்தத் தலைவலி இல்லை, எழுத்து தெளிவாக இருக்கும். 12 போர் என்ற பெயரே ஒரு கணக்குதான். ஒரு பவுண்டு ஈயத்தை 12 சம உண்டையாக்கினால் ஓர் உண்டை எவ்வளவு குறுக்களவோ அதுதான் குழலின் உள்ளளவு, 0.729 இஞ்ச். குத்திய அளவைவிடக் குழல் இன்று 10 தௌ பெருத்திருந்தால், பிரிட்டன் கணக்குப்படி அந்த முத்திரை செல்லாது.

அடுத்து அறை நீளம். இதைப் படிக்காமல் தாண்டிப் போகாதீர்கள். பழைய இங்கிலீஷ் 12 போர் பெரும்பாலும் இரண்டரை இஞ்ச் அறை, அதாவது 65 மில்லிமீட்டர். இப்போது கடையில் கிடைக்கிற தோட்டா பெரும்பாலும் 70. 70 தோட்டாவை 65 அறையில் போட்டால் சுலபமாக உள்ளே போகும், மூடியும்விடும். அங்கேதான் ஏமாறுவார்கள். தோட்டாவின் மேல் போட்டிருக்கும் நீளம் சுட்டபின் வாய் விரிந்த நீளம். சுடுவதற்கு முன் வாய் மடிந்து குட்டையாக இருக்கும். சுட்டதும் வாய் விரிந்து அறையைத் தாண்டிக் குறுகும் இடத்தில் போய் நெருக்கும், உள்ளே அழுத்தம் ஏறும். நூறு வருஷக் குழலுக்கு அந்த அழுத்தம் தேவையா? உள்ளே போகிறது என்பது ஓர் அத்தாட்சியே இல்லை. பையன் துப்பாக்கியிலும் இரண்டரை இஞ்ச் என்றுதான் குத்தியிருந்தது. வலது குழலில் வாயிலிருந்து ஒரு சாண் தள்ளி ஒரு பள்ளமும் இருந்தது.

கட்டையைப் பார்க்க இரண்டு இடம் போதும். பூட்டு மரத்தில் சேரும் இடம், பிறகு பிடி. மயிரிழை விரிசல் அங்கேதான் வரும், அதுவும் மரம் எண்ணெய் குடித்துக் கறுத்து ஊறியிருந்தால். கட்டையில் பட்ட சின்னப் பள்ளத்துக்கு ஈரத்துணி வைத்து இஸ்திரிப்பெட்டியைத் தொட்டுத் தொட்டு எடுத்தால் மரம் ஆவி குடித்து எழுந்துவிடும்.

எங்கள் கட்டையின் அடிப்பகுதியைக் காட்டினால் ஒரு குடும்ப வரலாறே சொல்லலாம். வால்நட் மரம், ஆனால் பின்னால் முக்கால் இஞ்சுக்கு வேறு நிறத்தில் ஒரு துண்டு. டிரைவர் ஆறடி ஆள், கை நீளம், அதனால் தேக்கு வைத்து நீட்டியிருக்கிறார். நைனா ஐந்தடி மூன்று. வாங்கிய புதிதில் தோளில் சரியாக உட்காரவில்லை. தேக்கைக் கழற்றிவிட மனசு வரவில்லை, சட்டையைக் கழற்றிவிட்டு பனியனோடு சுட்டுப் பார்த்தார், சரியாக இருந்தது. அதற்குப் பிறகு பனிக்காலத்திலும் பனியன்தான். தேக்கின் ஓரத்தில் அவர் பீடி வைத்துச் சுட்ட தழும்பு ஒன்று இருக்கிறது. பாலிஷ் போடச் சொன்னார்கள். நான் போடவில்லை.

விசையைப் பொய்த்தோட்டா போட்டுச் சோதியுங்கள். சேஃப்டியைப் பின்னால் இழுத்து இரண்டு விசையையும் அழுத்தினால் ஒன்றும் நடக்கக் கூடாது. சேஃப்டியை முன்னால் தள்ளிவிட்டு, கட்டையின் அடியை ரப்பர் பாய் மேல் தட்டினால் அப்போதும் ஊசி அடிக்கக் கூடாது. அடித்தால் அதை ஒரு ஓரமாக வைத்துவிட்டு வேறு பேச்சு பேசலாம்.

இரண்டு விசை எதற்கு என்று பையன் கேட்டான். முன் விசை வலது குழலுக்கு, பின் விசை இடது குழலுக்கு. வலது குழலின் வாய் அகலம், ஈய ரவை சீக்கிரம் விரியும். இடது குழல் வாயில் கொஞ்சம் இறுக்கியிருக்கும், ரவை தூரம் வரை கூடிப் போகும். விரல் எந்த விசைக்குப் போகிறதோ அந்தக் குழல். யோசிக்க நேரம் வேண்டாம். நைனா இதை எனக்கு உள்ளான் குருவியை வைத்துச் சொல்லிக்கொடுத்தார். எனக்கு அப்போது பன்னிரண்டு வயசு. விடிகாலை கும்மிடிப்பூண்டி வண்டியில் ஏறி மீஞ்சூரிலோ பொன்னேரியிலோ இறங்கி, நாற்றுநட்ட வயல் வரப்பில் நடப்போம். மழைக்காலம் தொடங்கும் முன்னே உள்ளான் வடக்கேயிருந்து வந்துவிடும். காலடிக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கும், நிறத்தில் சேற்றுக்கும் அதற்கும் வித்தியாசம் தெரியாது. திடீரென்று கீச்சிட்டு எழும்பி, கோணல் கோணலாகப் பறக்கும். பக்கத்தில் எழும்பியது வலது குழலுக்கு, சத்தம் கேட்டுத் தள்ளி எழும்பியது இடது குழலுக்கு. பெரும்பாலும் இரண்டும் தப்பிவிடும். மூன்று கிலோ எடை, கீலுக்குக் கிட்டே சமன், அதனால் நாள் முழுக்கத் தூக்கலாம். பின்னால் தோட்டாப் பையோடு நான் நடப்பேன். அப்போது காகிதத் தோட்டா, பனியில் நனைந்தால் ஊறிப் பருத்து அறைக்குள் போகாது. அதற்காக என் சட்டைக்குள் வைத்து வயிற்றுச் சூட்டில் காயவைத்துக்கொண்டே நடப்பேன்.

அந்த வேட்டை இப்போது இல்லை. 1972-இல் வனஉயிர்ச் சட்டம் வந்தது, 1991 திருத்தத்தோடு லைசென்ஸ் வேட்டை என்பதே முடிந்தது. உள்ளான், காட்டுவாத்து, கவுதாரி எதைச் சுட்டாலும் ஜெயில்தான். நைனா சட்டம் வந்த வருஷமே நிறுத்திவிட்டார். தை மாதத்தில் நான் பழவேற்காட்டுக்குப் போகிறேன், பைனாகுலரோடு. ஊசிவால் வாத்துக் கூட்டம் தலைக்கு மேல் போகும்போது வலது ஆள்காட்டி விரல் தானாக முன்னும் பின்னும் அசையும். பழக்கதோஷம்.

பராமரிப்பு பற்றி நிறையக் கேட்பார்கள். பெரிய ரகசியம் இல்லை. தொட்டால் துடையுங்கள், விரல் வியர்வையே துருவுக்குப் போதும். ரங்கூன் ஆயில் என்று துப்பாக்கிக்கென்றே ஒன்று வரும், கிடைக்காவிட்டால் தையல் மெஷின் எண்ணெய், ஒரு சொட்டு, அவ்வளவுதான். சாத்தி வைக்கும்போது வாய் கீழே இருக்கட்டும். நேராக நிறுத்தினால் எண்ணெய் வழிந்து கட்டைக்குள் ஊறும், நான் சொன்ன கறுத்த மரம் அப்படித்தான் உண்டாகிறது. தோல் பெட்டி அழகு, ஆனால் ஈரத்தைப் பிடித்துவைக்கும். நம் ஊர்க் காற்றுக்கு அதில் வைத்தால் துருவுக்குத் தொட்டில் கட்டியது மாதிரி.

2015 டிசம்பரில் எங்கள் தெருவில் முட்டியளவு தண்ணீர். பீரோவின் கீழ்த்தட்டில் இருந்தது துப்பாக்கி. தண்ணீர் வடிந்ததும் எல்லோரும் பாயும் அரிசியும் காயவைத்தார்கள், நான் குழலை. முதலில் நல்ல தண்ணீரில் அலசினேன், சாக்கடை கலந்த தண்ணீரின் உப்பும் சேறும் போக வேண்டுமே. பிறகு துணி, பிறகு மண்ணெண்ணெய், பிறகு எண்ணெய். கட்டையை வெயிலில் வைக்கவில்லை, ஃபேனுக்கடியில் ஒரு வாரம் நிழலில். வெயிலில் வைத்திருந்தால் பிளந்திருக்கும். பூட்டை மட்டும் நானே திறக்காமல் தெரிந்தவரிடம் கொடுத்தேன். ஸ்பிரிங் விஷயத்தில் ஃபிட்டர் என்ற திமிர் உதவாது.

தேர்தல் அறிவித்தால் துப்பாக்கியை ஒப்படைக்கச் சொல்வார்கள், லைசென்ஸ்காரர்களுக்குத் தெரியும். ஒரு தேர்தலுக்குக் கொடுத்துவிட்டுத் திரும்ப வாங்கியபோது குழல் முழுக்க மஞ்சள் துரு. இரண்டு மாதம் ஈரச்சுவரில் சாய்ந்து நின்றிருக்கிறது. யாரிடம் போய்ச் சண்டை போடுவது? அதற்குப் பிறகு கொடுக்கும் முன் கிரீஸை மெழுகு மாதிரி அப்பி, பழைய வேட்டித் துணியைச் சுற்றி, நாலு பக்கமும் போட்டோ எடுத்துக்கொண்டுதான் கொடுக்கிறேன். ரசீதில் நம்பரைச் சரிபார்க்க மறக்காதீர்கள்.

திருவொற்றியூர்ப் பையனுக்கு நான் சொன்ன தீர்ப்பு இதுதான்: துப்பாக்கி நல்லது. பள்ளத்தை எழுப்ப வேண்டும், பிசுக்கை எடுக்க வேண்டும், 65 தோட்டா கிடைக்கிறவரைக்கும் சுடுகிற பேச்சு வேண்டாம். கருநீலம் ஏற்றித் தருகிறேன் என்று எவர் வந்தாலும் கொடுக்காதே. அவன் கடைக்காரரிடம் துணி வாங்கி, இடது கை படும் அந்த வெள்ளை இடத்தை மட்டும் இன்னொரு தடவை துடைத்தான். தன் கையை அதில் வைத்துப் பார்த்தான். "எங்கப்பா கை கொஞ்சம் பெருசு பெரிப்பா" என்றான்.

ஞாயிற்றுக்கிழமை மனு எழுத வருகிறான். அப்பாவுடைய பழைய லைசென்ஸ் புத்தகம், இறப்புச் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழ், கடை ரசீது, நாலும் கொண்டுவரச் சொல்லியிருக்கிறேன். அம்மாவும் அக்காவும் ஆட்சேபனை இல்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட வேண்டியிருக்கும். அக்காவுக்கும் துப்பாக்கி மேல் ஒரு கண் இருக்கிறதாம்.